கேரட் வண்டிக்குப் பந்தயக் கன்வெர்ட்டர்

நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். இதைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். பொற்கிளிக்கு இன்னும் ஆறவில்லை.

கேத்திப் பள்ளத்துத் தோட்டங்களில் பிடுங்கும் கேரட்டை மேட்டிலுள்ள கழுவும் மிஷினுக்கு ஏற்றிக் கொடுப்பது அவள் தொழில். இடது முழங்காலில் அடிபட்டுக் கிளச் மிதிக்க முடியாமல் போனதால், தம்பி திவாகரோடு சேர்ந்து பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்றை வாங்கினாள். ஆர்.சி.யில் இருவர் பெயரும் உண்டு. அவளுக்கு அது தினமும் ஆறு நடை. அவனுக்கு வருஷத்தில் ஒரு நாள் சேற்றுப் பந்தயம்.

பந்தயம் நெருங்கியதும் திவாகர் வண்டியை மெக்கானிக் இருதயராஜிடம் விட்டான். ஆட்டோமேட்டிக் வண்டியில் என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, கிளச்சின் வேலையைச் செய்ய எண்ணெய் நிரம்பிய உருண்டைச் சாமான் ஒன்று இருக்கும். டார்க் கன்வெர்ட்டர் என்பார்கள். அதில் ‘ஹை-ஸ்டால்’ ரகத்தைப் போட்டால் என்ஜின் நன்றாக அலறிய பிறகுதான் சக்கரத்துக்கு இழுவை முழுதாகப் போகும். நின்ற இடத்திலிருந்து வண்டி பாயும். பந்தயத்துக்கு அருமை. பாரத்தோடு மெதுவாக மேடேறும் வண்டிக்கோ, பாதி வலு எண்ணெயைக் கலக்குவதிலேயே போய், எண்ணெய் கொதித்துக் கருகிவிடும்.

இருதயராஜுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். “தம்பி, பாரம் ஏத்துற வண்டிக்கு இது வேணாம். கம்பெனி கன்வெர்ட்டரே இருக்கட்டும்” என்றார்.

“போன வருசம் ஜெயிச்சவன் போட்டதுதான் எனக்கும் வேணும்ணே” என்று திவாகர் ஒற்றைக்காலில் நின்றான். மெக்கானிக் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மாட்டிக் கொடுத்தார். வீட்டில் திவாகர் அக்காவிடம், “கியர் ஆயில் மாத்தியிருக்குக்கா” என்றதோடு சரி.

மறுநாள் முதல் நடைக்குக் கிளம்பும்போதே வண்டி கத்தியது; மேட்டில் நகர அடம்பிடித்தது. பொற்கிளி ஓரம்கட்டி இருதயராஜுக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, சத்தம்தான் வருது, இழுவையே இல்ல. லோடு ஏத்தலாமா?”

“உங்க தம்பியக் கேளுங்கம்மா” என்று வைத்துவிட்டார்.

தம்பியைக் கேட்டாள். “புது ஆயில்க்கா, போகப் போக சரியாயிரும்” என்றான். கூடப் பிறந்தவன் சொன்னதை நம்பி ஏற்றினாள். நான்காவது நடையில், கொண்டை ஊசி வளைவில், கருகிய நெடியோடு இழுவை அறுந்து வண்டி பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்துப் பாறையில் சாய்த்து எப்படியோ உயிர் பிழைத்தாள். கேரட் மூட்டைகள் பள்ளத்தில் சிதறின.

அன்று மாலை கழுவும் மிஷின் முன்னால் தோட்டக்காரர்கள் கூடினார்கள். கன்வெர்ட்டர் மாற்றிய விஷயம் வெளியே வந்துவிட்டதால் திவாகரையும் இருதயராஜையும் வரவழைத்திருந்தார்கள். இனி லோடை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் பேச்சு. “பொம்பளைக்கு ஆட்டோமேட்டிக் வண்டியைக்கூட ஓட்டத் தெரியல” என்று பெள்ளி என்ற தோட்டக்காரர் சிரித்தார். பதினோரு வருஷமாக ஒரு மூட்டை சிந்தாதவளைப் பார்த்து!

“வண்டி எனக்கும் சொந்தம், பந்தயத்துக்கு அந்தக் கன்வெர்ட்டர மாட்டுனேன். அக்கா பாத்து ஓட்டியிருக்கணும்” என்றான் திவாகர்.

“சத்தம் வந்தப்பவே நிறுத்தாம நம்ம சரக்க ஏன் ஏத்துச்சு?” என்றார் பெள்ளி.

இருதயராஜ் வாதாடவே இல்லை. சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார்: “தினமும் கேரட் லோடு ஏற்றும் வண்டி. வேண்டாம் என்று சொல்லியும் உரிமையாளர் கேட்டதால் இந்தக் கன்வெர்ட்டர் மாட்டப்பட்டது. பழுதுக்கு நான் பொறுப்பல்ல.” கீழே திவாகரின் கையெழுத்து. கூட்டம் தலையாட்டியது.

மூவரும் கைகழுவியாயிற்று. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: இந்தப் பழியில் பெரும் பங்கு யாருக்கு?

விடை: திவாகர் பொய்யன், அதில் சந்தேகமில்லை. பெள்ளியின் பேச்சு வெறும் வாய். சத்தம் வந்ததும் அவள் நிறுத்தத்தான் செய்தாள், கேட்க வேண்டியவரிடம் கேட்கவும் செய்தாள். பெரும் பங்கு இருதயராஜுக்கே. கருகும் என்று திட்டமாகத் தெரிந்தவர் அவர். எச்சரிக்கையைப் பந்தயக்காரனிடம் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்தியவர், தினமும் ஸ்டியரிங் பிடிப்பவள் வாய்விட்டுக் கேட்டபோது ‘ஏத்தாதீங்க’ என்ற ஒரு சொல்லைக் கொடுக்கவில்லை. பொற்கிளி அந்தத் தாளை வாங்கி முதல் வரியை மட்டும் உரக்கப் படித்தாள்: “தினமும் கேரட் லோடு ஏற்றும் வண்டி.” “இது தெரிஞ்சுதானேண்ணே போனை வச்சீங்க?” என்று கேட்டாள். பெள்ளி அவசரமாக, “லோடு இனியும் உனக்குத்தான்மா” என்றார். “வண்டி சரியாகட்டும். உங்களுக்கு ஏத்துறதா வேணாமான்னு நான் சொல்றேன்” என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் நடந்தாள்.