கண்ணில் படாத புகை

“கண்ணுக்கு முன்னால சுத்தமா இருக்கிறதை அழுக்குன்னு எழுதியிருக்காங்க, அம்மா” என்றார் தெய்வசிகாமணி.

நிலக்கரியிலிருந்து டீசல் எடுக்கும் தொழிற்சாலைக்கு அவர் தலைமைப் பொறியாளர். வயது ஐம்பத்தாறு. எதிரே உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி அம்மாவுக்கு நாற்பதுதான். அவருடைய ஆசிரமத்துக்குத் தெய்வசிகாமணி வந்துபோகத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது.

விஷயத்தைச் சொன்னார். பதினொரு மணிக்குப் போக்குவரத்துக் கழகத்து அதிகாரிகள் வருகிறார்கள். பிடித்துப்போனால் எல்லாப் பஸ்ஸுக்கும் இந்த டீசல்தான். ஆனால் ஆய்வகத்தில் இருக்கும் ரெபேக்கா, இது சுத்தமான டீசல் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட மறுக்கிறார். சுரங்கத்தில் தோண்டுவதிலிருந்து வண்டியில் எரிப்பதுவரை கூட்டிப் பார்த்தால், சாதாரண டீசலைப்போல இரண்டு மடங்கு கரியமில வாயு காற்றில் சேர்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவரைப் பணியிடைநீக்கம் செய்யும் உத்தரவு தெய்வசிகாமணியின் சட்டைப்பையில் இருந்தது.

“நான் இதுல கையெழுத்துப் போட்டா தப்பா?”

அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“பார்க்கணும்.”

தொழிற்சாலை வாசலில் இந்த டீசல் ஊற்றிய பஸ் ஒன்று இன்ஜின் ஓட நின்றிருந்தது. தெய்வசிகாமணி சைலன்சர் வாயில் தன் கைக்குட்டையைப் பிடித்தார். இரண்டு நிமிடம். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

“கரியே இல்ல. கந்தக நாத்தமும் இல்ல.”

அம்மா தலையசைத்தார். “டீசலை எங்கே செய்றீங்க?”

கட்டடத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். பருத்த குழாய் ஒன்று வானத்தைப் பார்த்து நின்றது. டீசல் செய்யும்போது பிரியும் வாயு அது வழியாக மேலே போய்விடும் என்றார். குழாயின் அடியில் ஆள் ஆழத்துக்கு மேல் ஒரு சிமெண்ட் குழி. உள்ளே இரும்பு ஏணி.

அம்மா எட்டிப் பார்த்தார். எதுவும் இல்லை. ஒரு வாசனையும் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் கால் வைத்தார்.

“அம்மா, வேண்டாம்.”

அம்மா அடுத்த படிக்கு இறங்கினார்.

தெய்வசிகாமணி பாய்ந்து அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். ஒன்பது வருடத்தில் அவர் அம்மாவைத் தொட்டதில்லை.

“ஏன்? சுத்தமாத்தானே இருக்கு?”

“கண்ணுக்குத் தெரியாது. கசிஞ்சு அடியில தேங்கி நிக்கும். உள்ளே போனவங்களுக்குக் கத்தக்கூட நேரம் இருக்காது.”

“எது தேங்கி நிக்கும்?”



“கரியமில வாயு.”

அம்மா மேலே வரவில்லை. ஏணியிலேயே நின்று குழாயை அண்ணாந்து பார்த்தார்.

“அதுல எவ்வளவு போகுது?”

தெய்வசிகாமணி எந்தக் காகிதத்தையும் எடுத்துப் பார்க்கவில்லை.

“டீசல் பஸ்ல எரியறப்போ வர்ற அதே அளவு, அது பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடியே இங்கே போயிடுது.”

“இது உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?”

 அவர் பிடியை விடவில்லை.

“இந்தக் குழாய்க்கு நான் படம் போட்ட நாள்லேர்ந்து.”

அம்மா மேலே ஏறி வந்தார்.

தெய்வசிகாமணியின் போன் அடித்தது. அதிகாரிகள் வந்துவிட்டார்கள், ரெபேக்காவை வெளியே அனுப்பிவிடலாமா என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள்.

“அவங்க இருக்கட்டும்” என்றார். “இன்னிக்கு அவங்கதான் பேசப் போறாங்க.”