விதி அனுமதித்த எட்டு அடி

இது நான் பார்த்த கதை இல்லை. கேட்ட கதை.

சொன்னவர் பவுனம்மாள். ஒரு மலை ஊரில், குதிரைப் பந்தயத் திடலுக்கு மேலே இருக்கும் தியான இல்லத்தில் சமையல் செய்கிறவர். அவரிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் ஒன்றுபோலவே சொன்னார். போர்வையின் நிறம் மட்டும் மாறியது. முதலில் பச்சை என்றார், அடுத்த முறை நீலம் என்றார்.

நேரில் பார்க்காத இடங்கள் எவை என்பதையும் அவரே சொல்லிவிட்டார். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்த இல்லத்தை நடத்திய பெண்ணுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. முன்பு கல்லூரியில் கணக்கு நடத்தியவர். அதனால் எல்லோருக்கும் டீச்சர். அவர் யாருக்கும் மந்திரம் கொடுத்ததில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலும் பெரும்பாலும் கொடுத்ததில்லை.

அவரிடம் வந்துகொண்டிருந்தவர்களில் வயதில் மூத்தவர் அருமைநாயகம். வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பந்தயத் திடலின் தலைமை நடுவர். விதியை மீறும் ஜாக்கிகளை விசாரித்துத் தண்டனை கொடுப்பது அவர் பொறுப்பு.

"ஒருத்தனுக்கு வெக்கம் வரணும்னா என்ன பண்ணணும் டீச்சர்?"

அன்று காலை இதைக் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார்.

டீச்சர் பவுனம்மாளோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாருக்கு சார்?"

"செல்வினுக்கு."

செல்வின் ஒரு ஜாக்கி. முந்தின நாள் கோப்பைப் பந்தயத்தில் நீலவேணி என்ற பெண்குதிரையை ஓட்டி முதலில் வந்தவன்.

"ஜெயிச்சுட்டான்னு சொன்னாங்களே."

"அடிச்சு ஜெயிச்சான். கடைசி வளைவுலேர்ந்து கோடு வரைக்கும் சாட்டை ஓயவே இல்ல. சாயங்காலம் லாயத்துக்குப் போய் போர்வைய எடுத்துப் பாத்தேன். விலாவிலேர்ந்து பின்தொடை வரைக்கும் தடிச்சுக் கெடக்கு. இது மூணாவது தடவை டீச்சர். போன ரெண்டு தடவையும் நான்தான் தண்டனை குடுத்தேன். போறான், வர்றான், மறுபடி அடிக்கறான்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"மத்தியானம் விசாரணை. லைசென்ஸை ரத்து பண்ணப் போறேன். ஆயுசுக்கும். இனிமே ஒரு குதிரையோட வாலைக்கூட அவன் தொடக் கூடாது."

"வேற தொழில் தெரியுமா அவனுக்கு?"

"தெரியாது. சின்ன வயசுலேர்ந்து லாயம்தான். எடை ஏறக் கூடாதுன்னு பட்டினி கெடந்தே வளந்தவன். அதுக்காக? வாயில்லாத உசுரை இப்படி அடிக்கலாமா?"

"கூடாது," என்றார் டீச்சர்.

டீச்சரிடம் இருந்து இவ்வளவு நேரான பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தார். வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சனிக்கிழமை பந்தயம் இருக்கா சார்?"

"இருக்கு."

"நீலவேணி ஓடறாளா?"

"பேர் குடுத்திருக்காங்க."

"செல்வின் இல்லேன்னா யாரு ஏறுவா?"

"வேற யாராவது."

"அவன் கையில?"

அருமைநாயகம் கீரையைப் பார்த்தார்.

"சாட்டைதான்," என்றார்.

"அப்ப குதிரைக்கு ஆள்தான் மாறுது," என்றார் பவுனம்மாள்.

"நீ கீரையப் பாரும்மா," என்றார் அருமைநாயகம்.

டீச்சர் ஒரு காம்பை உருவினார்.

"நேத்து எத்தனை அடிச்சான்?"

"பத்தொம்பது."

"எத்தனை அடிக்கலாம்?"

"எட்டு."

"எட்டு வரைக்கும் தப்பில்ல."

"விதிப்படி தப்பில்ல."

"விதியை யார் எழுதினது?"

"கமிட்டி. அதுல நானும் இருந்தேன். முன்னாடி கணக்கே கெடையாது டீச்சர். யார் எவ்வளவு வேணா அடிக்கலாம். எட்டுன்னு கொண்டுவர நான் எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா?"

"தெரியும். நீங்க இல்லேன்னா அந்த எட்டும் வந்திருக்காது."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அவன் அடிக்கறப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பைனாகுலர்ல பாத்து எண்ணிட்டிருந்தேன்."

"எண்ணிட்டிருந்தீங்க."

"அதுதானே டீச்சர் என் வேலை?"

டீச்சர் எழுந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்தார். ஒரு சாக்பீஸை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார்.

"லாயத்துக்குப் போங்க சார். நீலவேணி உடம்புல, விதி அனுமதிச்ச எட்டு அடி எதெதுன்னு பாருங்க. ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் இதால ஒரு கோடு போடுங்க. அந்த எட்டை விட்டுடலாம். மிச்சம் இருக்கறதுக்கு அவன் ஆயுசை எடுத்துக்கங்க."

"வெளையாடறீங்களா?"

"மத்தியானம் விசாரணைன்னீங்களே. கெளம்புங்க."

அவர் போனார். கோபமாகத்தான் போனார். ஆனாலும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனார்.

லாயத்தில் நடந்ததை பவுனம்மாள் பார்க்கவில்லை. செல்வின் பிறகு சொன்னது.

அந்தத் திடலில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பை ஜெயித்த குதிரையின் மேல் தலைமை நடுவர் தன் கையாலேயே ஒரு பட்டுப் போர்வையைப் போர்த்துவார். அதற்குப் பிறகுதான் புகைப்படம். அந்தப் படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். மறுநாள் வரை போர்வை குதிரையின் மேலேயே இருக்கும்.

நீலவேணி போர்வையோடு நின்றது. செல்வின் வெளியே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவனை உள்ளே விடவில்லை.

"என்னங்கய்யா, கையில சாக்பீஸ்? குதிரைக்குப் பாடம் எடுக்க வந்தீங்களா?"

அருமைநாயகம் அவனைத் தாண்டிப் போனார். உள்ளே போய்ப் போர்வையை எடுத்தார்.

வெளிர் சாம்பல் நிறக் குதிரை. தடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. சில இடங்களில் தோல் வெடித்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"டேய், இங்க வா."

செல்வின் கதவு வரை வந்து நின்றான்.

"முதல்ல அடிச்ச எட்டு எது?"

"எந்த எட்டுங்கய்யா?"

"விதிக்குள்ள வர்ற எட்டு."

செல்வின் சிரித்தான். பிறகு, அவர் நிஜமாகத்தான் கேட்கிறார் என்று புரிந்து நிறுத்திக்கொண்டான்.

"எனக்கெப்படிங்கய்யா தெரியும்? நான் மேல இருந்தேன்."

"முதல் எட்டை மெதுவா அடிச்சிருப்பியே."

"எட்டு அடின்னு கணக்கு இருந்தா, எட்டையும் நல்லாத்தானுங்கய்யா போடுவோம். எதுக்கு வீணாக்கணும்?"

அருமைநாயகம் திரும்பி அவனை ஓங்கி அறையப் போனார் என்று செல்வின் சொன்னானாம். ஆனால் அவர் கையைத் தூக்கியதும் நீலவேணி மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு முழுக்கத் தோல் நடுங்கியது.

அவர் கையை மெல்ல இறக்கினார்.

"நேத்துலேர்ந்து யார் கையத் தூக்கினாலும் இப்படித்தான் பண்ணுது," என்றான் செல்வின். இந்த முறை அவன் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் இல்லத்துக்குத் திரும்பி வந்தபோது தோளில் போர்வை இருந்தது. கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது. முனைகூடத் தேயவில்லை.

இதைப் பவுனம்மாள் பார்த்தார்.

"பிரிக்க முடியல டீச்சர்."

"அப்ப மொத்தத்தையும் அவன் தலையில போட்டுடுங்க. சுலபம்."

அவர் உட்கார்ந்து சாக்பீஸை விரல்களில் உருட்டினார்.

"தோள்ல என்ன?"

"ஜெயிச்ச குதிரைக்குப் போடற போர்வை."

"யார் போட்டது?"

"வழக்கப்படி நான்தான் போடணும்."

"நேத்து?"

"நான்தான் போட்டேன்."

"போடறப்ப தடிப்பு தெரியலையா?"

அருமைநாயகம் போர்வையைத் தடவினார்.

"கையில ஈரம் பட்டுது. வேர்வைன்னு நெனச்சேன்."

டீச்சர் போர்வையை வாங்கினார். உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, அருமைநாயகத்தின் மடியிலேயே விரித்தார். ஈரம் காய்ந்து கோடு கோடாக நின்றது. அது வேர்வையின் நிறம் இல்லை.

"அடிச்சதுக்கு அவனுக்குத் தண்டனை. அடிச்சு ஜெயிச்சதுக்கு?"

"கோப்பை."

"யாருக்கு?"

"குதிரையோட சொந்தக்காரருக்கு."

"குடுத்த கை?"

அருமைநாயகம் எழுந்தார். போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். சாக்பீஸைக் கீரைக் காம்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

"சார், செருப்பு," என்று பவுனம்மாள் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

விசாரணையில் நடந்ததும் செல்வின் சொல்லித்தான் பவுனம்மாளுக்குத் தெரியும்.

நீலவேணியின் உரிமையாளர் ராமபத்ரன் வந்திருந்தார். காப்பித் தோட்டக்காரர். கோப்பையையும் கொண்டு வந்திருந்தார், யாரோ பார்க்கவேண்டும் என்று கேட்டார்களாம்.

செல்வினுக்கு அந்தப் பருவம் முழுக்கத் தடை. ஆயுளுக்கும் இல்லை.

"சரியான தண்டனை சார்," என்றார் ராமபத்ரன். "இவனுங்களுக்கெல்லாம் இப்படிச் சொன்னாத்தான் புரியும். கடைசி வளைவுல நானே பதறிட்டேன்."

"பதறி என்ன சொன்னீங்க?" என்றார் அருமைநாயகம்.

"என்ன சொல்லுவேன், ஓடு ஓடுன்னேன்."

"'போடுறா'ன்னு கத்தினீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். எண்ணிட்டிருந்தேன்."

ராமபத்ரன் பேச்சை மாற்றினார்.

"போர்வை எங்க சார்? ஒரு வருஷம் எங்க லாயத்துல இருக்கணுமே."

"இனிமே போர்வை கெடையாது. வெளிய வாங்க. மறுபடி போட்டோ எடுக்கணும். நீங்க, நான், செல்வின், கோப்பை, குதிரை. அந்தப் படம்தான் சுவத்துல இருக்கும்."

"இப்பவா? உடம்பு இப்படி இருக்கறப்பவா?"

"இப்படி இருக்கறப்பதான்."

"ஏதோ பட்டிருக்கு சார், நாலு நாள்ல ஆறிடும். அது மெத்தை வெச்ச சாட்டை. வலிக்கவே வலிக்காது."

"அப்ப வந்து நின்னு சிரிங்க."

"எந்த விதியில சார் இருக்கு, போர்வை இல்லாம போட்டோ எடுக்கணும்னு?"

"போர்வை போடணும்னு எந்த விதியில இருக்கு?"

ராமபத்ரன் மற்ற நடுவர்களைப் பார்த்தார். அவர்கள் மேசையைப் பார்த்தார்கள்.

"சனிக்கிழமை அவ ஓட மாட்டா," என்றார் அருமைநாயகம். "காயம்பட்ட குதிரைய எறக்க வேண்டாம்னு நான் சொல்லலாம். அது விதியில இருக்கு."

ராமபத்ரன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

நீலவேணியைத் திடலுக்குக் கொண்டு வந்தார்கள். அருமைநாயகம் கோப்பையை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் நிக்கலைங்கய்யா," என்றான் செல்வின். "என்னால முடியாது."

"நில்லு. நானும்தானே நிக்கறேன்."

பவுனம்மாள் சொன்னது இவ்வளவுதான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஊருக்குப் போனபோது பந்தயத் திடலின் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தேன்.

சுவரில் வருடவாரியாகப் படங்கள் இருக்கின்றன. பழைய படங்கள் எல்லாவற்றிலும் குதிரை போர்வையோடு நிற்கிறது. போர்வை பச்சை, கரை நீலம். பவுனம்மாள் இரண்டு முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஒரு குறிப்பிட்ட வருடத்திலிருந்து போர்வை இல்லை.

அந்த முதல் படத்தில் ஒரு பெரியவர் கோப்பையோடு வெறுங்காலில் நிற்கிறார். பக்கத்தில் ஜாக்கி தலையைக் குனிந்திருக்கிறான். கீழே உரிமையாளரின் பெயர் எழுதியிருக்கிறது. ஆள் இல்லை.

குதிரையின் வலது பக்கம் கேமராவைப் பார்த்து இருக்கிறது. நான் படத்தின் கண்ணாடிக்கு மிக அருகில் போய் எட்டு வரை எண்ணப் பார்த்தேன். எது எட்டு, எது ஒன்பது என்று தெரியவில்லை.