கும்பிட்ட கையும் சாணி உருண்டையும்

ஒரு காட்டுல, பிள்ளையளா, சிங்கம் இல்ல, புலி இல்ல. யானை உண்டான்னு கேக்காதீங்க, அதுவும் இல்ல. இந்தக் கதையில வாரவங்க எல்லாருமே உங்க செருப்புக்கு அடியில நசுங்குற அளவுதான். அதனால காலத் தூக்கி மேல வச்சுக்கிட்டு கேளுங்க.

அந்தக் காட்டு ஓரத்துல மனுசங்க கட்டுன ஒரு சின்னக் கோயில் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பாட்டையும் ஜெபத்தையும் சன்னல் வழியா கேட்டுக் கேட்டு, பக்கத்து ஆவாரஞ்செடிக்குக் கீழ இருந்த பூச்சி சனம் மொத்தமும் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்துட்டுது. பேரக்கூட மாத்திக்கிட்டாங்க. ஈக்கு தீத்துன்னு பேரு. சில்வண்டுக்கு நாகூம். வெட்டுக்கிளி புருசன் யோவேல், பெண்டாட்டி சாராள். கட்டெறும்பு மோசே அண்ணாச்சிதான் சபைக்குப் பெரிய மனுசன். எல்லாத்துக்கும் வரிசை, எல்லாத்துக்கும் அதட்டல்.

தெனமும் விடியும்போது செடிக்குக் கீழ கூடி ஜெபம் பண்ணுவாங்க. கண்ண மூடித்தான் பண்ணுவாங்க. பூச்சிக்கு இமை ஏதுன்னு கேக்குற அறிவாளி யாருல அது? முன்னங்காலால பொத்திக்குவாங்க, போதுமா?

ஜெபம் நடத்துற உபதேசியார் ஒரு நத்தை. கோடை வந்ததும் அவரு ஓட்டுக்குள்ள போயி கதவச் சாத்திப் படுத்துட்டாரு. மழை வந்தாத்தான் எந்திரிப்பாரு.

"இப்ப யாரு ஜெபம் நடத்துறது?"ன்னு கேட்டுது நாகூம்.

மோசே அண்ணாச்சி மேல பாத்தாரு. அங்க ஒரு கொப்புல கும்பிடுபூச்சி உக்காந்திருந்தாரு. ரெண்டு கையையும் நெஞ்சுல கூப்பி, தலையச் சாச்சு, அசையாம.

"ஏ, அங்க பாருங்க! நேத்தும் இப்பிடித்தான் இருந்தாரு."

"முந்தாநாளும்!"ன்னுது தீத்து. "தூங்கும்போதும் கும்பிட்ட கை கும்பிட்டபடியேதான்."

"நம்மள்ல யாருக்காவது அப்பிடி ஒரு பக்தி உண்டா?"

உண்டுன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல. அன்னைக்கே அவரு உபதேசியார் ஆயிட்டாரு. நீங்க சிரிக்கியளே, உங்க ஊர்ல மட்டும் என்னத்தப் பாத்து ஆளு எடுத்தாங்களாம்?

அந்தச் சனத்துல பாக்கியம்னு ஒரு சாணி வண்டு. சாணிய உருட்டுறதுதான் அவ வேலை. எப்பிடி உருட்டுவான்னா, தலைய கீழ ஊனி, பின்னங்காலால தள்ளி, பின்பக்கமாவே போவா. அப்பிடிப் போகும்போதே வாயி சும்மா இருக்காது.

"ஆண்டவரே, அந்தச் செவலப் பசுவுக்கு சொகத்தக் குடும். இன்னைக்கு நல்ல ஈரமா போட்டிருக்கு, ஸ்தோத்திரம். இந்த மேட்ட எதுக்குய்யா இவ்வளவு உசரமா படைச்சீரு? சரி, படைச்சிட்டீரு. ஒரு கை பிடியும்."

உபதேசியாரு இதக் கேட்டுட்டாரு.

"யம்மா, யாருகிட்ட பேசுத?"

"ஆண்டவருகிட்டதான்யா. ஜெபம்."

"கண்ணத் தொறந்துக்கிட்டா?"

"மூடிக்கிட்டு உருட்டுனா உருண்டை என் மேல ஏறிருமேய்யா."

"வேலையோட வேலையா பண்றதெல்லாம் ஜெபமா? நாத்தம் வேற. கண்ண மூடப் படிச்சுக்கிட்டு சபைக்கு வா. அதுவரைக்கும் அந்த மேட்டோட நின்னுக்கோ."

"சரிய்யா"ன்னு பாக்கியம் மேட்டோட நின்னுக்கிட்டா. கோவம் வந்துது. அதையும் உருட்டும்போது ஆண்டவருகிட்டயே சொல்லிட்டா.

மறுநாள் ஜெபம். "எல்லாரும் கண்ண நல்லா இறுக்கி மூடுங்க"ன்னாரு உபதேசியாரு. நல்லாத்தான் ஜெபம் பண்ணாரு. நடுவுல கொஞ்ச நேரம் சத்தம் நின்னு போச்சு. அய்யாவுக்கு அழுகை முட்டுது போலன்னு சனம் உருகிட்டுது. ஆமென் சொல்லிக் கண்ணத் தொறந்தா, தீத்துவக் காணோம். அது இருந்த எடத்துல ரெண்டு ரெக்கை மட்டும் கெடக்கு.

"ஐயையோ, தீத்து எங்க?"

உபதேசியாரு கூப்புன கையாலயே வாயத் தொடச்சுக்கிட்டு மேல கண்ணக் காட்டுனாரு. "ஆண்டவரு எடுத்துக்கிட்டாரு. அவ்வளவு உருக்கமான ஜெபம்."

"ரெக்கைய விட்டுட்டுப் போயிட்டானே!"

"அங்க புது ரெக்கை குடுப்பாங்க."

சனம் மொத்தமும் அல்லேலூயா போட்டுது.

அதுக்கு அடுத்த நாள் நாகூம் போனான். செவ்வாக்கிழமை யோவேல் போனான். இதுல பொறாமை வேற! "நான் வருசக்கணக்கா ஜெபம் பண்ணுதேன், நேத்து வந்த பயல எடுத்துக்கிட்டாரே!"ன்னு மோசே அண்ணாச்சிக்கே மனத்தாங்கல். முன்வரிசைக்கு அடிபிடி. ஜெபமும் நீண்டுக்கிட்டே போச்சு. நீளமா ஜெபம் பண்ண அன்னைக்கு ரெண்டு பேரு போனாங்க.

உபதேசியாருக்கு மட்டும் வயிறு வச்சுது.

"அய்யா கொஞ்சம் சதை போட்டாப்புல இருக்கே?"ன்னு ஒரு அந்துப்பூச்சி கேட்டுது.

"நாப்பது நாள் உபவாசம்லா இருக்கேன். ஆண்டவரு பெலப்படுத்துதாரு."

மறுநாள் அந்த அந்துப்பூச்சியும் பரலோகம் போயிட்டுது.

அன்னைக்கு சாயங்காலம் சாராள் மேட்டுக்கு வந்தா. மொகமெல்லாம் சந்தோசம்.

"பாக்கியக்கா, போயிட்டு வாரேன்."

"எங்கட்டி?"

"மேலதான். நாளைக்கு என்னய முன்வரிசையில உக்காரச் சொல்லிட்டாரு. யோவேலப் பாக்கப் போறேன்."

பாக்கியம் உருண்டைய விட்டுட்டு நிமிந்தா. "உன் முட்டையெல்லாம் மண்ணுக்குள்ள கெடக்கே, அதுக?"

"ஆண்டவரு பாத்துக்குவாரு."

"அவரு பாத்துக்கத்தான் உன்னைய வச்சிருக்காரு. சரி, யோவேல் மேல போனத நீ பாத்தியா?"

"எப்பிடிக்கா பாக்க? கண்ண மூடியிருந்தேன்."

"வேற யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும்தான் மூடியிருந்தாங்க. உபதேசியாரு பாத்தாராம்."

"அப்போ அவரு மட்டும் கண்ண மூடலையாக்கும்?"

சாராளுக்கு மொகம் சுண்டிப் போச்சு. "உனக்குப் பொறாமைக்கா. உன்னைய சபைக்கு வெளிய நிறுத்திட்டாருல்லா, அந்த எரிச்சல்"னு சொல்லிட்டு ஒரே தாவுல போயிட்டா.

மறுநாள் விடியும்போது பாக்கியம் வழக்கம்போல மேட்டு மேல உருட்டிக்கிட்டு இருந்தா. இன்னைக்கு வாயில வேற ஜெபமே வரல. "ஆண்டவரே, அந்தக் கூறுகெட்டவளப் பாத்துக்கும். ஆண்டவரே, அந்தக் கூறுகெட்டவள…" இதுதான். பின்பக்கமாப் போறவளுக்கு மொகம் ஆவாரஞ்செடியப் பாத்துத்தான இருக்கும்? அப்பிடியே பாத்துக்கிட்டே தள்ளுதா.

கீழ எல்லாரும் கண்ணப் பொத்திட்டாங்க. சாராள் முன்வரிசை. உபதேசியாரு ஜெபத்த ஆரம்பிச்சாரு. மெல்ல ஒத்தக் கண்ணால சனத்த ஒரு சுத்து பாத்தாரு. அப்புறம் அந்தக் கும்பிட்ட கை இருக்குல்லா, அது பிரிஞ்சுது. உள்பக்கம் முழுக்க ரம்பம் மாதிரி முள்ளு. ரெண்டு கையும் சாராள் கழுத்தப் பாத்து நீளுது.

கத்துனா காதுல விழுற தூரம் இல்ல. ஓடிப் போயித் தடுக்க அவளுக்கென்ன குதிரைக் காலா? பாக்கியம் உருண்டைக்கு மேல்பக்கமா சுத்தி வந்தா. ரெண்டு நாள் பாடுபட்டு உருட்டுன உருண்டை. தலையால ஒரே முட்டு.

உருண்டை மேட்டுல இருந்து எறங்குச்சு பாருங்க! கல்லுல பட்டு எகிறி, புல்ல மடக்கி, தாழ்ந்த கொப்புல நின்ன உபதேசியாரு நெஞ்சுல போயி 'சொத்'துன்னு விழுந்துது. ஆளு மல்லாக்கச் சாஞ்சாரு. ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் ஈரச் சாணிக்குள்ள.

சனம் பதறிக் கண்ணத் தொறந்துட்டுது. உபதேசியாரு கையக் கூப்பப் பாக்காரு. கூப்ப முடியல. விரிச்ச கை விரிச்சபடியே சாணியில மாட்டிக்கிட்டுது. முள்ளெல்லாம் விடியல் வெளிச்சத்துல மினுங்குது. வாயோரத்துல அந்துப்பூச்சி ரெக்கைத் தூள் வேற.

"என்னய்யா கை இது?"ன்னாரு மோசே அண்ணாச்சி.

"அந்தப் பிள்ளைய ஆசீர்வாதம் பண்ணக் கைய நீட்டுனேன்."

மேட்டுல இருந்து உருண்டு பெரண்டு வந்து சேந்த பாக்கியம், மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டா. "ஆசீர்வாதத்துக்குத் தலையிலதானய்யா கைய வைப்பாங்க. கழுத்துல எதுக்கு வச்சீரு?"

 மோசே அண்ணாச்சி விசில் ஊதாத கொறைதான். எறும்புப் பட்டாளம் வந்து அவரு காலு ஆறுல நாலப் பிடிச்சுக் கடிச்சுது. உதறிக்கிட்டு, சாணிக் கையோட, தத்தித் தத்திக் காட்டுக்குள்ள ஓடுனவருதான். அப்புறம் அந்தப் பக்கம் அவரு வரல.

சனம் கொஞ்சம் கொஞ்சமாக் கலைஞ்சுது. யாரும் யாரு மொகத்தையும் பாக்கல. சாராள் மட்டும் முன்வரிசையிலயே உக்காந்திருந்தா.

"அப்போ யோவேல் மேல போகலையாக்கா?"

 பாக்கியம் அவ பக்கத்துல உக்காந்து கால்ல ஒட்டுன மண்ணத் தட்டுனா.

"போயிருப்பான்ட்டி. அந்த உபதேசியாப் பாவி வயித்து வழியா போயிருக்கான், அவ்வளவுதான். ஆண்டவருக்கு எல்லா வழியும் தெரியும்."

சாராள் சத்தம் போட்டு அழுதா. பாக்கியம் அழ விட்டா. அழுது முடிச்சுத் தலையத் தூக்குனவ அப்பிடியே நின்னுட்டா. கெழக்க சூரியன் பாதி மேல வந்திருந்துது. ஒவ்வொரு புல்லு நுனியிலயும் பனித்துளி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு குட்டிச் சூரியன். ஆவாரம்பூ எல்லாம் தீ வச்ச மாதிரி மஞ்சளா நிக்குது.

"இது என்னக்கா, இன்னைக்கு மட்டும் இப்பிடி?"

"தெனமும் இந்நேரத்துக்கு இப்பிடித்தான்ட்டி."

"நான் பாத்ததே இல்லையே."

"நீங்க எல்லாரும் ஜெபத்துல இருந்தீங்க."

சாராள் பாத்துக்கிட்டே இருந்தா. கண்ணப் பொத்த ரெண்டு மொற முன்னங்கால் தன்னால மேல போச்சு. ரெண்டு மொறையும் கீழ எறக்கிட்டா. அப்புறம் மெதுவா, "ஸ்தோத்திரம்"னா.

நீதி: கண்ண மூடுனாத்தான் கடவுள் தெரிவாருன்னு எவனாவது சொன்னா, மொதல்ல அவன் கை எங்க இருக்குன்னு பாத்துக்கோ.