நாரை பார்க்கப் போன சுண்டைக்காய்ப்பட்டிக்காரங்க

சுண்டைக்காய்ப்பட்டியில புத்திசாலிங்களே இல்லையான்னு கேட்காதீங்க. இருந்தாங்க. எல்லாரும் வெளியூர்ல பொண்ணு கட்டி அங்கேயே தங்கிட்டாங்க. மிச்சம் இருந்தவங்கள்ல ஒருத்தர் தவசிக்கண்ணு. அவருக்குச் சொத்துன்னு பார்த்தா ரெண்டு ஆடு, ஒரு மீசை. ஆட்டை ஊர்ல யாரும் மதிக்கலை. மீசையைப் பார்த்தா எந்திரிச்சு வழி விட்டாங்க.

அந்த மீசைக்குத்தான் ஆபத்து வந்தது.

அவர் பொண்டாட்டி இருளாயி பொறந்த ஊரு நாரைக்குடி. மழைக்காலத்துல எங்கிருந்தெல்லாமோ நத்தைகுத்தி நாரைங்க பறந்து வந்து, அந்த ஊர்க் கண்மாய்க்குள்ள நிக்கிற கருவேல மரங்கள்ல கூடு கட்டும். உடம்பு வெள்ளை, றெக்கை ஓரம் கறுப்பு. அதுங்க மிரளக் கூடாதுன்னு அந்த ஊர்ல தீபாவளிக்கு ஒரு ஓலை வெடி கூட வெடிக்க மாட்டாங்க. சண்டை போட்டாக்கூட காதுக்குள்ளதான் திட்டிக்குவாங்க.

தவசிக்கண்ணு அந்த ஊரு மாப்பிள்ளையா இருந்தும் நாரையைப் பார்த்ததில்லை. தலைதீபாவளிக்குப் போனப்ப சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டாரு. அதுக்கப்புறம் போனதெல்லாம் சித்திரைத் திருவிழாவுக்கு. அப்படி ஒரு திருவிழாவுல, கறிச்சோத்துப் பந்தியில வச்சு, மச்சான் அழகுராசா வாயைக் கிளறினாரு.

"மாப்ளே, எழுதப் படிக்கத் தெரியாத நாரை, நேரம் தவறாம எங்க ஊருக்கு வந்துட்டுப் போகுது. உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் அதைப் பார்க்க ஒரு நேரங்காலம் தெரியலை."

தவசிக்கண்ணுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "வர்ற தீபாவளிக்குள்ள நான் நாரையைப் பார்க்கலைன்னா என் மீசையை எடுத்துக்கங்க மச்சான்!"

பந்தியே சோத்தை விட்டுட்டு நிமிர்ந்து பார்த்துச்சு. தவசிக்கண்ணு மீசையைத் தடவிப் பார்த்துட்டு, "பாதி மீசையை," அப்படின்னாரு.

மறுவாரமே கிளம்பிட்டாரு. கூடவே கூட்டாளிங்க ரெண்டு பேரு. யோசனை சொல்றதுக்கு சேவுகன். அதுக்குத் தலையாட்டுறதுக்குப் பூச்சி. போய்ப் பார்த்தா கண்மாய் வறண்டு கிடக்கு, உள்ள ஆடு மேயுது. பறவைக்குக் காவல் இருக்கிற வாட்சர் பிச்சைமணி சொன்னாரு: "இது சீசன் இல்லண்ணே. மழை வர்றப்போதான் நாரை வரும். அப்ப வாங்க."

சரின்னு ஊருக்கு வந்து, ஆளுக்கொரு குடையோட வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தாங்க. புரட்டாசியில ஒரு நாள் சடசடன்னு பிடிச்சுது. ஓடிப்போய் பஸ் ஏறினாங்க. நாரைக்குடியில இறங்கினா மழை விட்டிருச்சு. சேவுகன் கையை நீட்டிப் பார்த்தாரு. ஒரு சொட்டு விழலை.

"போச்சுய்யா. மழையோட வந்தது மழையோட போயிருக்கும்."

பூச்சி கண்மாயைப் பார்த்தான். "அண்ணே, மரத்துல எல்லாம் வெள்ளை வெள்ளையா என்னமோ இருக்கே?"

"வேட்டிடா. மழை விட்டிருச்சுல்ல, ஊரே துவைச்சுக் காயப் போட்டிருக்கு."

"ஆடுதேண்ணே."

"காத்து அடிச்சா ஆடாதா?"

தவசிக்கண்ணுக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. இவ்வளவு வேட்டி வச்சிருக்கிற ஊர்ல பொண்ணு எடுத்தோமேன்னு ஒரு பெருமையும் வந்தது. அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டாங்க.

பார்த்தா, தீபாவளியே வந்துருச்சு. முதல் நாள் சாயங்காலம் மறுபடியும் போய் பிச்சைமணி கையைப் பிடிச்சுக்கிட்டாரு தவசிக்கண்ணு. "நாளைக்குக் காலையில மச்சான் நாவிதரோட வந்துருவாரு. நீங்கதான் என் மீசையைக் காப்பாத்தணும்."

பிச்சைமணிக்குப் பாவமா இருந்தது. "வெள்ளென வந்துருங்க. சத்தம் போடாதீங்க. மரம் மாதிரி அசையாம நில்லுங்க. அது தானா கிட்ட வரும்."

மூணு பேரும் பஸ் நிறுத்தத்துல படுத்துக்கிட்டே இதை அலசினாங்க.

"மரம் மாதிரின்னா இலை வேணும்ல?" இது பூச்சி.

"இலை மட்டும் போதாது. மரத்துக்குக் கண்ணு உண்டா?" அப்படின்னாரு சேவுகன்.

"இல்லை."

"அப்ப கண்ணைத் திறந்துக்கிட்டு நின்னா நாரை கண்டுபிடிச்சிராதா?"

தவசிக்கண்ணுக்கு ஒரு சந்தேகம். "கண்ணை மூடிக்கிட்டா நாரையை எப்படிய்யா பார்க்கிறது?"

"முதல்ல அது வரட்டும். வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

விடியறப்போ முழங்கால் தண்ணியில இறங்கிட்டாங்க. தவசிக்கண்ணு தலைப்பாகையில கருவேலங்கிளையைச் செருகிக் கட்டினாரு சேவுகன். கண்ணை மூடிக்கிட்டு மூணு மரமும் நின்னுச்சு.

கொஞ்ச நேரத்துல தவசிக்கண்ணு தலை கனத்துச்சு. பனியில நனைஞ்சா கிளை கனக்கத்தானே செய்யும்னு பேசாம நின்னாரு. தலைக்கு மேல கடகடன்னு ஒரு சத்தம். பூச்சிக்குக் குளிர்ல பல்லு தந்தியடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டாரு. அப்புறம் மீசையில சுரீர்னு ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு.

அவருக்குப் புரிஞ்சுபோச்சு. மச்சான் நாவிதரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு! கத்தி கூட இல்லாம கையாலேயே பிடுங்குறாங்க! கத்தினா நாரை மிரளும். அசைஞ்சா வராது. இமையோரம் தண்ணி வழிய வழிய, பாதி மீசையை நின்ன இடத்துலேயே கொடுத்தாரு.

இழுக்கிறது நின்னப்புறம் சேவுகன் மெதுவா கண்ணைத் திறந்தாரு. தவசிக்கண்ணு முகத்தைப் பார்த்தாரு. பெருமூச்சு விட்டாரு.

"பாதி மீசை போயிருச்சு. தோத்துட்டோம். தோத்துட்டோம்னா நாரை வரலைன்னு அர்த்தம். கிளம்புங்க."

பூச்சி கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு, "அண்ணே, இவரு தலையில கறுப்புக் கரை போட்டு வெள்ளையா என்னமோ இருக்கே?" அப்படின்னான்.

"தீபாவளிடா. மாப்பிள்ளைக்கு மச்சான் வேட்டி எடுத்துத் தர்ற வழக்கம் இல்லையா? மீசையை எடுத்தாலும் முறையை விடலை பாரு, தலையிலேயே வச்சுட்டுப் போயிருக்காரு."

தவசிக்கண்ணு மனசு இளகிப்போச்சு. இருளாயி கண்ணால பார்க்கிற வரைக்கும் அந்த வேட்டியைத் தலையை விட்டு இறக்குறதில்லைன்னு முடிவு பண்ணிட்டாரு.

கண்மாய்க் கரையில ஏறினா, எதுக்க அழகுராசாவும் நாவிதரும் வர்றாங்க. அழகுராசா அப்படியே நின்னுட்டாரு. ஊர்க் கட்டுப்பாடு, கத்த முடியாது. துண்டை வாயில திணிச்சு, சிரிப்பை அடக்கி, கிசுகிசுத்தாரு: "மாப்ளே... தலையில..."

"தெரியும் மச்சான்," அப்படின்னு தவசிக்கண்ணும் குரலைத் தாழ்த்தினாரு. "எதுக்கு இந்தச் செலவெல்லாம்? மீசை எடுத்த கையோட மறுபடியும் எங்க கிளம்பிட்டீங்க?"

அழகுராசா கரையிலேயே உட்கார்ந்துட்டாரு. நாவிதர் கத்தியைப் பைக்குள்ள போட்டுக்கிட்டாரு.

பஸ்ஸுல யாரும் ஒண்ணும் கேட்கலை. பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாரு. வீட்டு வாசல்ல இருளாயி அதிரசத் தட்டோட நின்னா. புருசனை மேலயும் கீழயும் பார்த்தா. நாரைக்குடிக்காரியாச்சே, குரல் தானா இறங்கிருச்சு.

"அசையாதீங்க," அப்படின்னு கிசுகிசுத்தா. "சத்தம் போடாம அப்படியே நில்லுங்க."

தவசிக்கண்ணு மிச்ச மீசையைத் தடவிக்கிட்டு, "நின்னேன் புள்ள, விடியக்காலையில இருந்து அப்படியேதான் நின்னேன். நான் நிக்கிற பக்கம் ஒண்ணு கூட வர மாட்டேங்குது," அப்படின்னாரு.