அரசியின் ஓலையும் பதினான்கு உலகங்களும்

முன்னொரு காலத்தில் கருங்குன்ற நாட்டை வேழமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். அவருக்கு இரண்டே பைத்தியங்கள்: ஒன்று யானை, இன்னொன்று கவிதை.

ஒருநாள் அவர் தலையணைமேல் ஓர் ஓலை கிடந்தது. அதில் எட்டு வரிப் பாட்டு. எழுதியவர் பெயர் இல்லை. பரிசுக்கு ஆசைப்படும் புலவர்கள் இப்படி எங்காவது ஓலையைப் போட்டுவிட்டுப் போவது அந்த நாட்டு வழக்கம். ராஜா படித்தார், பூரித்தார், உடனே பறையறைவித்தார்: "இந்தப் பாட்டுக்குச் சிறந்த உரை சொல்பவருக்குப் பொன்னாடை!"

போட்டியன்று காலையில் அரசி நன்முல்லை, அமைச்சர் பொய்கைநம்பியைக் கூப்பிட்டனுப்பினார்.

"அமைச்சரே, ஒரு பல்லக்கு வேண்டும். இன்று விளக்கு வைப்பதற்குள் என் அண்ணன் ஊருக்குப் போகிறேன். திரும்புவதாக இல்லை."

"ஐயோ தாயே, என்ன ஆயிற்று?"

"அந்த ஓலையை எழுதியவள் நான். பதினோரு ஆண்டு குடும்பம் நடத்தியும் அவருக்கு என் கையெழுத்துத் தெரியவில்லை. அதுகூடப் போகட்டும். நான் அழுததற்குப் போட்டி வைத்திருக்கிறாரே!"

நம்பிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "இதோ, இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன்."

"நீர் சொன்னால் அந்த நொடியே புறப்படுவேன். அடுத்தவர் சொல்லிப் புரிந்துகொள்கிற புருஷன் எனக்கு எதற்கு? அவராக உணர வேண்டும்."

நாடே நம்பியைப் புத்திசாலி என்று சொல்லும். கவிதை விஷயத்தில் மட்டும் அது பொய் என்று அவருக்குத் தெரியும். யாராவது பாட்டுப் படித்தால் இரண்டாம் அடியில் கண் சொருகிவிடும். 'போயும் போயும் என் தலையிலா இது விழ வேண்டும்?' என்று நொந்துகொண்டே அரசியின் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஊஞ்சலருகே ஒரு பல்லாங்குழிப் பலகை இருந்தது.

"தாயே, பல்லக்கு வரும். அதுவரை இந்தப் பலகையைக் கொஞ்சம் இரவல் கொடுங்கள்."

"எடுத்துப்போம். ஆடத்தான் ஆளில்லையே."

அவை நிறைந்திருந்தது. பலகையும் கையுமாக நுழைந்த அமைச்சரை ஏளனமாகப் பார்த்தார் ஆஸ்தானப் பண்டிதர் சொற்கடலார். நம்பியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "அடடே, அமைச்சர் கவிதை கேட்க வந்திருக்கிறார்! தலையணை கொண்டுவரவில்லையா?"

"நீங்கள் பேசும்போது தலையணை எதற்கு, பண்டிதரே? உட்கார்ந்தபடியே தூக்கம் வரும்."

ராஜா சிரித்துவிட்டு ஓலையை உரக்கப் படித்தார்:

மடித்த வெற்றிலை
மடித்தபடியே காய்ந்தது.
பாதி ஆடிய பல்லாங்குழியில்
என் முறை முடிந்து மாதம் மூன்று.
ஊஞ்சல் பலகை
ஒரு பக்கமே தேய்கிறது.
யானைகளின் பெயரெல்லாம்
உமக்குத் தெரியும்.

"கடைசி வரி அபாரம்!" என்றார் ராஜா. "எனக்குக்கூட எல்லா யானைகளின் பெயரும் தெரியும்!"

சாளரத்துக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தமாகக் குலுங்கியது. அரசி அங்கிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பிக்குப் புரிந்தது.

சொற்கடலார் எழுந்தார். "வெற்றிலை என்பது புலனடக்கம். பல்லாங்குழிக்குப் பதினான்கு குழி. ஆகவே அது பதினான்கு உலகம். ஊஞ்சல் பிறவிச் சுழற்சி. யானைகளோ எட்டுத் திசைகளையும் தாங்குபவை. மொத்தத்தில் இது உலகைத் துறந்த ஞானியின் பாட்டு!"

"ஆகா!" என்று ராஜா பொன்னாடையைக் கையில் எடுத்துவிட்டார்.

நம்பி அவசரமாக முன்னே வந்தார். "மன்னா, எனக்கு இலக்கணம் தெரியாது. ஆனால் இந்தப் பாட்டு எனக்கு நன்றாகப் பழகியது. என் வீட்டில் இதையே தினமும் உரைநடையில் கேட்கிறேன். 'நான் சொல்வது காதில் விழுகிறதா?' என்று தொடங்கும்."

அவை கொல்லென்று சிரித்தது.

"பண்டிதரிடம் ஒரே கேள்வி. ஒருவர் முறை முடிந்துவிட்டது. அடுத்த முறை யாருடையது?"

பண்டிதர் கையை மேலே காட்டினார். "பரம்பொருளுடையது!"

"மூன்று மாதமாகவா ஆடாமல் இருக்கிறார்?" என்று ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "சுத்தச் சோம்பேறிப் பரம்பொருள்!"

"ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்று நம்பி பலகையைத் தரையில் வைத்தார். "மன்னர் இந்தப் பக்கம் உட்காரட்டும்."

ராஜா உற்சாகமாக உட்கார்ந்து குழியில் கை வைத்தார். விரலில் தூசி ஒட்டியது. எதிர்ப்பக்கத்துக் குழிகள் ஏழும் துடைத்துச் சுத்தமாக இருந்தன. பலகையின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. ஒருநாள் தோற்ற கோபத்தில் அவரே தூக்கியெறிந்து உடைத்தது. அதைப் பார்த்து அரசி அன்று எவ்வளவு சிரித்தார்!

ராஜா ஓலையை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை சத்தமில்லாமல் படித்தார்.

"நம்பி, அந்தச் சோம்பேறி நான்தானா?"

நம்பி வாயைத் திறக்கவில்லை. சொல்லக்கூடாதே!

அதற்குள் சாளரத்தின் பின்னால் ஆளில்லை. ராஜா பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நம்பியும் மூச்சிரைக்க ஓடினார். வாசலில் அரசி பல்லக்கில் ஒரு கால் வைத்துவிட்டார்.

"முல்லை, நில்! உரை சொல்ல வந்திருக்கிறேன்."

"சொல்லும்."

"வெற்றிலை என்றால் வெற்றிலை. ஊஞ்சல் என்றால் ஊஞ்சல். யானை என்றால் யானையேதான். மடையன் என்றால் நான்."

"மடையன் என்று பாட்டில் எங்கும் இல்லையே."

"இருக்கிறது. வரிக்கு வரி இருக்கிறது."

அரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலைக் கீழே வைத்தார். "சரி, வாரும். ஆனால் பல்லக்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வாசலிலேயே நிற்கட்டும். உமக்கு ஞாபகமறதி அதிகம்."

பொன்னாடை பாட்டு எழுதியவருக்கே போயிற்று. "வீட்டுக்குப் போய், மனைவி பேசுவதை இடையில் பேசாமல் ஒரு மாதம் கேட்டுவிட்டு வாரும், பிறகு உரை எழுதலாம்" என்று பண்டிதருக்கு உத்தரவாயிற்று.

நம்பி வீட்டுக்குப் போய்த் தம் சாமர்த்தியத்தை ஒன்றுவிடாமல் மனைவி பூங்கோதையிடம் அளந்தார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது அமைச்சர் வீட்டு வாசலிலும் ஒரு பல்லக்கு நின்றது, பூங்கோதை வரவழைத்தது.