புதைக்கப்பட்ட சிவலைப் பசு

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். ஆகவே கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் காரமொக்கை என்றொரு சிற்றூர். ஆற்றோர நீர்மருத மரங்களில் ஒரு காலத்தில் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாய் வாழ்ந்தன. மாடுகளுக்குப் போட்ட வலி ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியே அவற்றைக் கொன்று தீர்த்தது. காரணம் தெரிந்ததும் ஊரே கோயிலில் கூடிச் சத்தியம் செய்தது: அந்த ஊசியைத் தொடுவதில்லை, செத்த மாட்டைப் புதைக்காமல் பாறைத்திட்டில் பாறுகளுக்கே விடுவது. மீறுகிறவருக்குத் திருவிழாவில் தீர்த்தம் கிடையாது. ஊர் சொன்ன சொல் காத்தது, பறவைகளும் திரும்பின. இந்த வருடம் ஒரு குஞ்சும் பொரிந்தது.

வனக் காவலர் பெள்ளிக்கு அந்தக் குஞ்சுதான் உயிர். பெற்ற மகளுக்குக்கூட இப்படிப் பதறியதில்லை என்று அவன் மனைவி கேலி செய்வாள். கோடையில் இரை அருகி, தாய்ப் பறவை வெறும் வாயோடு திரும்பியபோது அவனுக்கும் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில் அதே ஊர்ப் பெண் மசினியின் சிவலைப் பசு முட்டி வீங்கிப் படுத்துவிட்டது. எழ முடியாமல் நாள்கணக்கில் முனகியது. ஒரு மாலை மசினி சந்தைக்குப் போய்த் திரும்பினால், பசு எழுந்து நின்று தவிடு தின்றுகொண்டிருக்கிறது! கொழுந்தன் ரங்கன் பக்கத்தில் நின்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். வழியில் வந்த பெள்ளியும் பார்த்து மகிழ்ந்தான். ஆனால் மறுநாள் காலை பசு செத்துக் கிடந்தது.

பெள்ளி கயிறோடு ஓடி வந்தான். "அக்கா, திட்டுக்கு இழுத்துடலாமா? குஞ்சு பட்டினியா கிடக்குது."

"வேண்டாம் தம்பி. நான் புதைக்கப் போறேன்."

ஊர் மூப்பர் சடையன் வந்தார். "சத்தியத்தை மீறினா தீர்த்தம் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

அழுதுகொண்டே அவள் மண்ணை அள்ளினாள். ரங்கன் தலை நிமிராமல் குழி வெட்டினான். நரி தோண்டாதபடி மேலே பாறாங்கற்களையும் அடுக்கினார்கள். குஞ்சின் வாயிலிருந்து இரையைப் பிடுங்கிவிட்டாளே என்று பெள்ளி மனம் கொதித்தான்.

சத்தியத்தைக் காக்கச் சொன்ன மூப்பர், குஞ்சுக்காகக் கெஞ்சிய பெள்ளி, இருவரையும் மீறிய மசினி: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மசினி செய்ததே சரி. படுத்த மாடு ஒரே மாலையில் வலி மறந்து எழுந்தது எப்படி? அது படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் ரங்கன் அந்த ஊசியைப் போட்டிருந்தான். மசினிக்கு அது புரிந்துவிட்டது. பாறுகள் பிழைக்கத்தான் ஊர் சத்தியம் செய்தது. ஊசி ஏறிய மாட்டைத் திட்டில் போட்டிருந்தால் அந்தச் சத்தியமே குஞ்சைக் கொன்றிருக்கும். கொழுந்தனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பழியை அவள் சுமந்தாள். பிறகு புலி அடித்துப் போட்ட கடமான் ஒன்று கிடைத்தது, குஞ்சு தேறியது. அது பறந்த அன்று ரங்கனே கோயிலில் எல்லார் முன்னும் உண்மையைச் சொன்னான். அந்த வருடத் திருவிழாவில் முதல் தீர்த்தம் மசினிக்குத்தான். பூசாரியிடம் சொம்பைக் கேட்டு வாங்கி, அவள் கையில் ஊற்றியவன் பெள்ளி.