காடெல்லாம் வைத்த பொட்டு

அந்தக் காலத்தில் பாறைக்கும் மரத்துக்கும் வாய் இருந்தது. உடம்பில்தான் ஒரு புள்ளி கிடையாது. தேனெடுக்க மலையேறுகிறவன், திரும்பிவர வழி தெரிய வேண்டுமே என்று, அவற்றின் மேல் சுண்ணாம்புப் பொட்டு வைத்துக்கொண்டே போவான். இறங்கும்போது தன் கையாலேயே துடைத்துவிடுவான். பொட்டு அப்படியே இருந்தால் ஆள் இன்னும் மேலேதான் என்று அர்த்தம்.

கோடன் தேனெடுக்கப் போய் மூன்று நாளாகிவிட்டது. பொட்டு ஒன்றுகூட அழியவில்லை. அவன் பெண்சாதி கெம்பி அதைப் பிடித்துக்கொண்டே ஏறினாள்.

"ஏன் தாயி, உன் புருஷனுக்குக் கை நடுக்கமா? எல்லாப் பொட்டும் கோணல்" என்றது வழியில் நின்ற பலாமரம்.

"அவருக்கு விரலே கோணல். போகையில எப்படி இருந்தாரு, அதச் சொல்லு."

"பாடிக்கிட்டுத்தான் போனான். காதைப் பொத்திக்க எனக்குக் கையில்ல."

கெம்பிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் முட்டியது. அதற்குள் வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. அவள் கண்முன்னே பொட்டு பாலாக வழிந்தது.

பக்கத்துப் பாறையைக் கட்டிக்கொண்டாள். "அண்ணே, வழி கரையுது! கரையாத பொட்டா வையுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

யார் யார் வைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல நேரம் ஏது?

பாறை காட்டுக்கே குரல் கொடுத்தது. காடே இரங்கியது. கோடன் தொட்ட மரமும் வைத்தது, தொடாத மரமும் வைத்தது. ஒன்று சாம்பலாக, ஒன்று மஞ்சளாக, அததற்குத் தெரிந்த வெள்ளையில். மழை விட்டு வெயில் காய்ந்தபோது, திரும்பிய பக்கமெல்லாம் பொட்டு.

"போதுமா தாயி?" என்றது பலா, ஆசையாக.

கெம்பி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். எது கோடன் வைத்தது, எது காடு வைத்தது என்று தெரியவில்லை.

பாறையிடுக்கில் அவன் வைத்தது ஒன்றாவது மிஞ்சியிருக்காதா? விரலை எச்சிலில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். சுண்ணாம்பென்றால் விரலில் ஒட்டும். ஒட்டவில்லை, ஈரம் பட்ட இடம் பச்சையாகத் திரும்பியது. அடுத்ததும் பச்சை. மேலே எங்கோ கோடன் கூப்பிட்டான். மலை முழுக்க எதிரொலித்ததில் எந்தத் திசை என்று பிடிபடவில்லை. மறுநாள் அந்தக் குரலும் நின்றது. அவள் தொடுவதை நிறுத்தவில்லை. அவள் இறங்கி வந்ததை யாரும் பார்க்கவில்லை.

செய்த உதவியே வழியை மறைத்துவிட்டதே என்று வெட்கி, அன்று முதல்தான் பாறையும் மரமும் வாய் திறப்பதில்லை, கல்பாசி அவற்றின் மேல் பொட்டுப் பொட்டாகப் படர்ந்து கிடக்கிறது. பறிக்கப் போகிறவர்களும் முதலில் எச்சில் விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். பச்சையாகத் திரும்பினால் பாசி. விரலில் வெள்ளையாக ஒட்டினால் கோடன் போன வழி. இன்றுவரை யார் விரலிலும் ஒட்டியதில்லை.